மதினி என்னை மிதிக்கவில்லை

எங்கள் தெருவில் மாட்டுப்பொங்கலன்று சாயங்காலம் பெண்களுக்குப் போட்டி வைப்பார்கள். கோலம், கயிறு இழுத்தல், கடைசியில் மியூசிக்கல் சேர். கோவில்பட்டிக்கு வெளியூரில் ஹாக்கியால்தான் பேர். எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்காகப் படுகிற பாட்டை வெளியூர்க்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த வருஷம் கடைசி ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் மிச்சம் இருந்தோம். ஒருத்தி நான். இன்னொருத்தர் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன்.

மதினி வத்தல் வியாபாரி. நாகலாபுரம், புதூர் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரிகளிடம் மிளகாய் வத்தலை மொத்தமாக எடுத்து வெளியூருக்கு லாரி ஏற்றி விடுவார். களத்து மேட்டில் நின்று பேரம் பேசிப் பேசி, அவர் குரல் சாதாரணமாகவே நாலு வீட்டுக்குக் கேட்கும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. நாங்கள் விதையும் உரமும் விற்கிற கடை வைத்திருக்கிறோம். கல்லாவில் உட்காருவது நான். நாற்பத்தாறு வயதில் எனக்கு ஓட்டம் என்று ஒன்று இருந்தால் அது கல்லாவுக்கும் அடுப்படிக்கும் நடுவில்தான்.

பாட்டு நின்றது. நான் நாற்காலிக்குப் பின்னால் இருந்தேன், மதினி முன்னால். வலது காலை ஊன்றி ஒரே எட்டாகப் பாய்ந்தேன். 'பட்' என்று ஒரு சத்தம். குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து ஓங்கி மிதித்த மாதிரி இருந்தது. அப்படியே குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் மதினி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

"மதினி, மிதிச்சிட்டீங்களே!" என்று கத்தினேன்.

"யாரு, நானா? நான் ஒனக்கு முன்னாலல்லா நின்னேன். முன்னால நிக்கவ எப்பிடி ஒன் பின்னங்கால மிதிப்பா?"

"காலைப் பின்னால நீட்டி ஒதைச்சீங்க."

"கழுதையா நான்?"

தெரு இரண்டாகப் பிரிந்தது. மதினியிடம் வத்தல் வாங்குகிற வீடுகள் அவர் பக்கம். எங்கள் கடையில் கடன் சொல்கிறவர்கள் என் பக்கம். நடுவராக இருந்த ரிட்டயர்டு வாத்தியார், வேறு வழி தெரியாமல், "கடைசி ரவுண்டை மறுபடியும் வச்சிருவோம்" என்றார். நானும் விடவில்லை. எழுந்து நின்றேன். நிற்க முடிந்தது. ஆனால் அடி எடுத்து வைத்தால் வலது பாதம் அது பாட்டுக்குத் தரையில் தட்டையாக விழுந்தது. உந்தித் தள்ள வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வலிகூட அவ்வளவாக இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பெரிய குற்றச்சாட்டுக்கு இன்னும் கொஞ்சம் வலித்திருக்கலாம்.

மறு ரவுண்டு நடக்கவில்லை. பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மதினி வீட்டுக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்திருந்தார். வாய் திறந்து சிரிக்காத மனிதர். தோள் மட்டும் குலுங்கும். என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். போனைப் பார்த்தபடி தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வாங்கிப் பார்த்தேன். நான் பாய்கிறேன், விழுகிறேன். எனக்கும் மதினிக்கும் நடுவில் முழுசாக ஒரு நாற்காலி இருக்கிறது. எனக்குப் பின்னால், தூரத்தில், படுத்திருக்கிற ஒரு நாய். அதுவும் தூங்குகிறது.

"இத அக்காவுக்கு அனுப்பிராதீங்க" என்றேன்.

"அனுப்பியாச்சு" என்றார்.

மதினி வந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் சுடவைத்த நல்லெண்ணெய்க் கிண்ணம். என்னதான் சண்டை என்றாலும் தம்பி பெண்டாட்டிக்குக் கால் பிசகிவிட்டது என்றால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. முதலில் படத்தை மெதுவாக ஓடவிட்டு எனக்கு மூன்று தடவை காட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விரலை ஆட்டு."

ஆட்டினேன்.

"பாத்ரூமுக்கு நடந்து போனியா?"

"போனேன். சுளுக்குதான் மதினி. கயத்தாறு பக்கம் ஒருத்தர் நல்லா நீவி விடுதாராம், நாளைக்குப் போயிட்டு வந்திருதேன்."

 எண்ணெய் தொட்ட விரலால் குதிகாலிலிருந்து மேலே மெதுவாகத் தடவிக்கொண்டு வந்த மதினி ஓரிடத்தில் நிறுத்தினார். இடது காலை இழுத்து அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி வலது.

"ஏட்டி, அந்தக் கால்ல கயிறு மாதிரி இருக்கு. இங்கன பள்ளம் விழுந்து கெடக்கு. வெரலு உள்ள போவுது."

கையை எடுத்துவிட்டார். எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "இது நீவுத விசயம் இல்ல. காலைல ஆஸ்பத்திரி. நானும் வாரேன்."

அவர் ஏன் வருகிறார் என்பது ஆஸ்பத்திரியில்தான் புரிந்தது.

எலும்பு டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. இடது கெண்டைச்சதையைப் பிடித்து அமுக்கினார். பாதம் தானாக ஒரு உதை உதைத்தது. வலது கெண்டைச்சதையை அமுக்கினார். பாதம் அசையவே இல்லை.

"கரண்டு இல்ல" என்றார் மதினி.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கிலிஸ் டெண்டன் அறுந்திருக்கு" என்றார். கெண்டைச்சதையிலிருந்து குதிகால் எலும்பு வரைக்கும் வருகிற தடித்த நாண் அது. நாம் எட்டி வைக்கிறது, மாடிப்படி ஏறுகிறது, குதிக்கிறது எல்லாம் அந்த ஒரு நாண் இழுத்துத்தான் நடக்கிறது என்றார். விரலை ஆட்டுவதற்கு வேறு நாண், வேறு சதை. அதனால்தான் விரல் ஆடுகிறது, சுளுக்கு என்று ஏமாந்து போகிறோம். "இத விட்டுட்டு நீவிக்கிட்டே இருந்து, மாசக்கணக்குல கழிச்சு வாரவங்க உண்டு. அப்ப வைத்தியம் ரொம்பக் கஷ்டம். நீங்க மறுநாளே வந்துட்டீங்க, நல்லது."

"எப்பிடி விழுந்தீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முன்னால் வந்தார். "டாக்டர், இவ நான் மிதிச்சேன்னு தெரு பூராச் சொல்லிட்டா. மிதிச்சா இது அறுமா? நீங்க சொல்லுங்க."

"இது அறுந்து வாரவங்க முக்காவாசிப் பேரு அப்பிடித்தாம்மா சொல்லுவாங்க. யாரோ பின்னால மிதிச்சாங்க, கல்லால எறிஞ்சாங்கன்னு. திரும்பிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. தானா அறும்போது அப்பிடித் தோணும்."

மதினி கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர். கொஞ்சம் சத்தமா."

அவரும் சொன்னார். நல்ல மனிதர். அது எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பில் போய்ச் சேர்ந்தபோது நான் இன்னும் அந்தக் கட்டிலில் குப்புறத்தான் படுத்திருந்தேன்.

"ஹாக்கி ஆடுத பையங்க வருவாங்க, ஷட்டில் ஆடுத ஆபீஸ்காரங்க வருவாங்க" என்றார் டாக்டர். "மியூசிக்கல் சேர்ல இப்பதான் முதல் ஆள் பாக்கேன்."

பிறகு துருவித் துருவிக் கேட்டார். சுகர் உண்டா? சமீபத்தில் காய்ச்சலுக்கு ஏதாவது வீரியமான மாத்திரை சாப்பிட்டீர்களா? இதற்கு முன்னால் அந்த இடத்தில் வலி இருந்ததா? முதல் இரண்டுக்கும் இல்லை. மூன்றாவதுக்கு யோசித்தேன். தீபாவளி முடிந்த கையோடு நானும் மதினியும் வாக்கிங் ஆரம்பித்திருந்தோம். ஸ்கூல் மைதானத்தில். முதல் நாள் சும்மா நடந்தோம். இரண்டாம் நாள் அவர் என்னை முந்தினார். மூன்றாம் நாள் நான் அவரை முந்தினேன். அந்த வாரக் கடைசியில் பார்க்கிறவர்கள் எங்களை யாரோ துரத்துவதாக நினைத்திருப்பார்கள். அதிலிருந்து காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலுக்கு மேலே விறைத்துப் போய் இருக்கும். நாலு எட்டு நடந்தால் விட்டுவிடும். விட்டுவிடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

"அதுதான் எச்சரிக்கை" என்றார். வருஷக்கணக்கில் சும்மா இருந்த நாணுக்குத் திடீரென்று வேலை கொடுத்தால் உள்ளுக்குள் நைந்துபோகும். நாற்பதுக்கு மேல் இன்னும் சீக்கிரம் நையும். நைந்த இடம் ஒரு பாய்ச்சலில் அறும் என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி வைத்தால் அறுந்த இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது. ஆபரேஷன் செய்து தைக்கலாம். தைக்காமல் பாதத்தை இந்த நிலையிலேயே கட்டிவைத்தும் ஆறவைக்கலாம். இரண்டிலும் நல்லதும் உண்டு, தொந்தரவும் உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். கத்தி வைத்தால் மறுபடி அறுகிற பயம் கொஞ்சம் குறைவு, ஆனால் அந்த இடத்தில் புண் ஆறுவது சில பேருக்குச் சிக்கலாகும். சீக்கிரமே வந்துவிட்டதால் உங்களுக்கு இரண்டும் சரிதான் என்றார். நானும் கூட வந்திருந்த வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கட்டு போதும் என்று முடிவு செய்தோம்.

முதலில் மாவுக்கட்டு. பரண் மேலிருக்கிற ஊறுகாய் ஜாடியை எட்டி எடுக்கிறவள் மாதிரி பாதம் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. சில வாரம் கழித்து அதைப் பிரித்து ஒரு கறுப்பு பூட் மாட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வரும், பட்டை பட்டையாக இழுத்து ஒட்ட வேண்டும். உள்ளே குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி அடுக்குகள். ஒவ்வொன்றாக அவர்கள்தான் எடுப்பார்கள். தூங்கும்போதும் கழற்றக் கூடாது. கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே வர வேண்டும், இரத்தம் உறைந்திருக்கலாம் என்று இரண்டு தடவை சொன்னார்கள். மதினி இதையும் ரெக்கார்டு செய்துகொண்டார். என் காவல் பொறுப்பு முழுவதும் அன்றிலிருந்து அவர் கைக்குப் போய்விட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் காலைத் தூக்கி விதை மூட்டை மேல் வைத்திருக்கிறேனா என்று தெருவிலிருந்தே எட்டிப் பார்ப்பார்.

பங்குனியில் கயத்தாற்றில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். பெண் வீட்டுக்காரி நான், முன்னால் நிற்க வேண்டியவள். அரக்குப் பட்டுக்கு அடியில் இந்தக் கறுப்பு பூட் தெரிந்தால் போட்டோவில் காலகாலத்துக்கும் நிற்கும். அன்றைக்கு மட்டும் கழற்றிவிடுகிறேனே என்று வீட்டுக்காரரிடம் பேசினேன். அவர் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் கல்யாணத்திலிருந்தே வழக்கம். மண்டபத்து வாசலில் மதினி முதலில் இறங்கிப் போனதும், காருக்குள்ளேயே பூட்டைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டினேன். குதிகால் தூக்கித்தானே இருக்க வேண்டும், இதுவும் தூக்கித்தானே இருக்கிறது என்று எனக்கு நானே டாக்டராகிக்கொண்டேன்.

மேடை ஏறினேன். போட்டோ எடுத்தாயிற்று. இறங்கும்போது கடைசிப் படியில் நுனிப்பாதம் மட்டும் பட்டு, குதிகால் கீழே இறங்கியது. கெண்டைச்சதைக்குள் ஒரு இழுப்பு. மேலெல்லாம் வியர்த்துவிட்டது. சத்தம் ஏதும் கேட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் என் கால் முழுசாகக் கழன்று விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது.

மெல்ல நகர்ந்து பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். இலை போட்டார்கள். கூட்டு வைத்தார்கள். அப்போது பந்தி வாசலில் ஒரு சலசலப்பு.

மதினி வந்துகொண்டிருந்தார். குடையை எடுக்கக் காருக்குப் போயிருக்கிறார். என் பூட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக இலைகளுக்கு நடுவே நடந்து வந்தார்.

"இதை யாராவது தொலைச்சுட்டியளா? ஒத்தக் காலுதான் இருக்கு. வலது காலு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நிஜமாகவே தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அடுத்த வரிசையில் ரசத்தைக் கையில் ஏந்தியபடி தோள் குலுங்கிக்கொண்டிருந்தார். மதினி என் எதிரில் வந்து நின்றார். எல்லாரும் பார்க்க, பட்டுச்சேலையோடு குனிந்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பூட்டை மாட்டி ஒவ்வொரு பட்டையாக இழுத்து ஒட்டினார். 

"திரும்ப அறுந்திருந்தா என்னட்டி செய்வ?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் டாக்டர் பார்த்தார். கெண்டைச்சதையை அமுக்கினார். பாதம் லேசாக அசைந்தது. எனக்கு அழுகை வந்தது. "தப்பிச்சீங்க" என்றார். ஆறிக்கொண்டிருக்கிற நாண் இழுபட்டு நீளமாகிப் போனால் பிறகு எவ்வளவு பயிற்சி செய்தாலும் உந்துகிற பலம் முழுசாகத் திரும்பாது என்று சொல்லி, பக்கத்து அறையில் இருந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் என்னை ஒப்படைத்தார்.

அந்தப் பெண் சின்ன வயது. மெல்லிய குரல். ஆனால் சிரிக்கவே மாட்டாள். "அக்கா, வலிக்குதுன்னா நிறுத்தணும். நல்லா இருக்குன்னாலும் நிறுத்தணும். நான் சொன்னது மட்டும்தான்" என்பாள். முதலில் ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டிக் கீழே அழுத்துவது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. பூட்டைக் கழற்றிய அன்று என் வலது கெண்டைச்சதையைப் பார்த்தேன். முருங்கைக்காய் மாதிரி இருந்தது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும் குதிகால் கொஞ்சம் உயர்ந்த செருப்பு வேண்டும், மழை பெய்த கரிசல் காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்றாள். கடைசியாகச் சொன்னது சரிதான். ஈரக் கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தால் நல்ல காலே திணறும்.

அடிக்கடி மதினிதான் என்னை அங்கே கூட்டிப் போவார். ஒரு நாள் காலையில் சீக்கிரமாகவே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் அப்போதுதான் எழுந்து வெளியே வருகிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"என்ன மதினி, நொண்டுதீங்க?"

"யாரு நொண்டுதா? சேலை தடுக்குது."

"சேலை இடது காலை மட்டுமா தடுக்குது?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் விடுவேனா? உட்கார வைத்து அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். குதிகாலுக்கு மேலே, நாண் இருக்கிற இடம், தடித்து முடிச்சு மாதிரி இருந்தது. தொட்டதும், "ஆத்தீ!" என்றார்.

"எத்தன நாளா?"

"நாம வாக்கிங் போனம்லா, அப்பல இருந்து."

"ஏன் சொல்லல?"

"நீ அறுத்துக்கிட்டு வந்து நிக்க. நானும் வலிக்குதுன்னா நல்லாவா இருக்கும்? ஒன்னப் பாத்துக்கிட யாரு இருக்கா?"

இழுத்துக்கொண்டு போனேன். பிசியோ பெண் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது அறுகல. நைஞ்சு தடிச்சிருக்கு" என்றாள். சும்மா படுத்துக் கிடந்தாலும் ஆகாது, ஓடினாலும் ஆகாது. மெதுவாகப் பாரம் ஏற்றிப் பழக்க வேண்டும். குதிகாலை மெல்லத் தூக்கி, அதைவிட மெல்ல இறக்க வேண்டும். மாசக்கணக்கில் ஆகும் என்றாள்.

"வலி மாத்திரை போட்டுக்கிட்டு வத்தல் எடுக்கப் போலாமா?" என்றார் மதினி.

"வலி தெரியாம இன்னும் நைஞ்சு போகும்மா."

நான் என் போனை எடுத்து நீட்டினேன். "இன்னொரு தடவ சொல்லும்மா. கொஞ்சம் சத்தமா." அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் கடையே பயிற்சிக்கூடம் ஆனது. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் மதினி வந்துவிடுவார். கடை மேசையின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். விளிம்பைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவோம். புரட்டாசி விதைப்புக்கு உளுந்து விதை வாங்க வருகிற சம்சாரிகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். எங்கள் இரண்டு தலையும் மேசைக்கு மேலே உயர்ந்து உயர்ந்து தாழ்வதைப் பார்த்தால் யாருக்குத்தான் உள்ளே வரத் தோன்றும்? ஒரு நாள் புதூர்க்காரர் ஒருவர், "என்ன தாயி, சாமி வந்திருக்கா?" என்று கேட்டார். மதினி விளக்கம் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு அவர் மெதுவாக, "எனக்கும் காலைல எந்திரிச்சா அங்கனதான் வலிக்கு" என்றார். விதை வாங்க வந்த மனிதரை டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினோம். 'பட்' என்று கேட்டால் நீவப் போகாதீர்கள் என்று மதினி தெரு முனை வரைக்கும் கத்தினார்.

ஒற்றைக் காலில் தூக்குவதுதான் கடைசிப் பரீட்சை. மாதக்கணக்கில் வரவில்லை. இடது காலை மடக்கிக்கொண்டு வலது காலால் எழும்பப் பார்ப்பேன். மூச்சுதான் மேலே போகும், குதிகால் போகாது. ஐப்பசி மழைக்குக் கடையில் ஈ காக்கை இல்லாத ஒரு சாயங்காலம், சும்மா பார்ப்போமே என்று எழும்பினேன். குதிகால் தரையை விட்டு எழுந்தது. உயரம் ஒன்றும் பெரிசில்லை, ஒரு தீப்பெட்டி அடியில் போகும். நான் கத்திய கத்தலில் உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"மேசையைப் புடிச்சிட்டே" என்றார் மதினி.

"தொட்டேன். புடிக்கல."

"வெரலு வெளுத்துப் போற அளவுக்குத் தொட்டியாக்கும். மறுபடி தூக்கு."

"நீங்க தூக்குங்க மொதல்ல."

"எனக்கு என்ன, நான் தூக்குவேன்" என்று சேலையைச் சொருகிக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யார் மேசையைத் தொடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.